வந்தாச்சு என்று சொல்லுங்கள்

ஆடி பிறந்துவிட்டால் என் தொலைபேசி ஓயாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன என்று சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பாளையங்கோட்டையிலோ ஈரோட்டிலோ ஒரு பிள்ளை அமெரிக்காவுக்குப் படிக்கக் கிளம்புகிறது என்றால், யாரோ ஒரு புண்ணியவான் என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். "அக்கா, பாப்பாவுக்கு நாளன்னிக்கு ராத்திரி ஃப்ளைட். இன்னும் என்னக்கா வாங்கணும்?" என்று அம்மாக்காரி ஆரம்பிப்பாள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், மோர் மிளகாய், மூன்று லிட்டர் குக்கர், அதற்கு உபரியாக ஒரு கேஸ்கட். எல்லாம் வாங்கியாகிவிட்டது. பெட்டியை நிறுத்துப் பார்த்து, எடை கூடியதால் ஊறுகாயை வெளியே எடுத்து, மனசு கேட்காமல் மறுபடி உள்ளே வைத்துமாகிவிட்டது.

"ஐ-20 எங்க இருக்கு?" என்று கேட்பேன்.

"பெரிய பெட்டியில பத்திரமா வச்சிருக்கோம்க்கா. பட்டுப் புடவைக்கு நடுவுல."

ஐ-20 என்பது கல்லூரி அனுப்பும் சேர்க்கைத் தாள். அதை முதலில் எடுத்துக் கைப்பையில் வைக்கச் சொல்வேன். குடியேற்ற அதிகாரியைப் பார்த்து முடித்த பிறகுதான் பெரிய பெட்டி கைக்கு வரும். அவர் கேட்கும்போது காகிதம் பட்டுப் புடவைக்கு நடுவில் இருந்து என்ன பிரயோஜனம்? அடுத்த கேள்வி: "போய்ச் சேர்ந்ததும் காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல எப்ப செக்-இன் பண்ணணும்னு பாப்பாவுக்குத் தெரியுமா?" பெரும்பாலும் ஒரு சின்ன மௌனம். பிறகு, "அதான் ஏர்போர்ட்லயே எல்லாம் பாத்துருவாங்களே!"

இந்த ஒரு நம்பிக்கையால் கஷ்டப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விமான நிலையத்தில் பார்ப்பார்கள்தான். வீசா கையில் இருக்கிறது என்பதற்காகவே உள்ளே விட்டாக வேண்டும் என்று அங்கே சட்டமில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். ஐ-20 தாளில் படிப்பு தொடங்கும் தேதி ஒன்று அச்சாகியிருக்கும். அதற்கு 30 நாளைக்கு முன்னால் எஃப்-1, அதாவது மாணவர் வீசாவில் வருகிறவர் நுழைய முடியாது. அதிகாரி முத்திரை குத்தி அனுப்பியதும் பிள்ளை அமெரிக்காவுக்குள் வந்துவிட்டது. ஆனால் கல்லூரிக்கு வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி. செவிஸ் என்ற அரசாங்கக் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் எதிரே முதலில் 'இனிஷியல்' என்றுதான் இருக்கும். பிள்ளை நேரில் வந்து, குடியிருக்கும் முகவரியைக் கொடுத்து, முழுநேரப் பாடங்களில் சேர்ந்த பிறகு, கல்லூரியில் அதற்கென்று நியமிக்கப்பட்ட அலுவலர் அதை 'ஆக்டிவ்' என்று மாற்றுவார். படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளைக்குள் இது நடந்தாக வேண்டும். இரண்டு மாதம் கடந்தும் யாரும் தொடாமல் கிடந்தால் அந்தக் கணினி தானாகவே பதிவை முடித்துவிடும். நம் ஊர்க் கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறவரைத் தாண்டிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து மூன்று பாயசம் சாப்பிட்டவன் கதைதான். பேர் நோட்டில் இல்லையென்றால் அவன் வரவில்லை.

நான் அமெரிக்காவுக்கு வந்தது 1978-ல். என் வீட்டுக்காரருக்குப் பி.எச்டி. படிக்க இடம் கிடைத்தது. நான் எஃப்-2, அதாவது மாணவரின் மனைவி. அவர் சாமான்களைத் தொலைப்பதில் கெட்டிக்காரர் என்பதால் மாமியார் என்னை நம்பி ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தார். கழுத்தில் கயிறு, பை ரவிக்கைக்கு உள்ளே. அதற்குள் இரண்டு பாஸ்போர்ட், அவருடைய ஐ-20, கல்லூரிக் கடிதம், கூடவே குங்குமப் பொட்டலம். நியூயார்க்கில் அதிகாரி காகிதம் கேட்டபோது முழு விமானமும் பின்னால் வரிசையில் நிற்க, நான் சேலைத் தலைப்பை வைத்து மறைத்துக்கொண்டு பையை வெளியே இழுக்கிறேன். கயிறு தாலிச் சரட்டோடு சிக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கூரையில் எத்தனை விளக்கு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். அதிகாரி நல்ல மனுஷன். மேஜை மேல் இருந்த ஏதோ ஒரு தாளை மும்முரமாகப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார். பிறகு வெள்ளையாக ஒரு சின்ன அட்டையைப் பாஸ்போர்ட்டில் வைத்து ஸ்டேப்ளர் அடித்தார். குங்குமம் சிந்திச் சிவந்திருந்த தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீருடையைக் கண்டாலே உள்ளங்கை வேர்க்கும் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண், பின்னாளில் குடியேற்ற விதிகளைக் கரைத்துக் குடித்து, அதையே பிழைப்பாக வைத்துக்கொள்வாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எஃப்-2 என்றால் வேலை பார்க்கக் கூடாது. வீட்டில் இருந்துகொண்டு அவருடைய ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தேன். மாணவர் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டில் ஓர் ஈரானிய தம்பதி. அந்த அம்மாவும் நானும் பேசிக்கொண்ட ஆங்கிலத்தை இருவரின் கணவன்மாரும் கேலி செய்வார்கள். 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் ஆட்களைப் பிடித்து வைத்தபோது, அதிபர் கார்ட்டரின் அரசு, நாட்டில் உள்ள ஈரானிய மாணவர்கள் அத்தனை பேரும் டிசம்பர் பாதிக்குள் குடியேற்றத் துறையிடம் நேரில் போய் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு போட்டது. முகவரி, கல்லூரியில் சேர்ந்ததற்கு அத்தாட்சி, கட்டணம் கட்டிய ரசீது. எதிர்வீட்டு அம்மா சமையல் மேஜை மேல் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் அந்த வரிசையில் நின்றார்கள்; ரசீது இருந்ததால் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு எனக்குப் புரியாத ஒன்று பின்னால் புரிந்தது: நாட்டில் எத்தனை ஈரானிய மாணவர்கள் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று அந்தத் துறைக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. வரச்சொன்னதே எண்ணிப் பார்க்கத்தான்.

பச்சை அட்டை வந்த பிறகு பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தேன். மாணவர் ஆவணங்களில் கையெழுத்துப் போடும் அலுவலராக வேண்டுமானால் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. எனக்கு அந்தக் கையெழுத்து உரிமை வந்தபோது எல்லாம் காகிதம்தான். விமான நிலையத்தில் ஐ-20-இன் சில பக்கங்களைக் கிழித்து வாங்கி, கென்டக்கி மாநிலத்தில் லண்டன் என்ற சின்ன ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே யாரோ உட்கார்ந்து கணினியில் ஏற்றுவார்கள். ஒரு மாணவர் கல்லூரிக்கு வரவே இல்லை என்றால்? வரவில்லை, அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்டதில்லை.

1993-ல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வைத்த வேனை ஓட்டியவன், மாணவர் வீசாவில் வந்து படிப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகுதான் மேலிடத்தில் விழித்துக்கொண்டார்கள். 1996-ல் மாணவர்களைக் கணினியில் பின்தொடர ஒரு சட்டம் போட்டார்கள். அது சோதனை ஓட்டமாகவே இழுத்துக்கொண்டு கிடந்தது. 2001 செப்டம்பரில் விமானங்களைக் கடத்தியவர்களில் ஒருவன், கலிஃபோர்னியாவில் ஆங்கிலம் படிக்க என்று மாணவர் வீசா வாங்கி, அந்தப் பள்ளியின் பக்கமே போகாதவன். அவன் வரவில்லை என்று சொல்ல யாருக்கும் கடமை இருக்கவில்லை. இன்னொரு கூத்தும் நடந்தது. தாக்குதல் நடந்து சரியாக ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச் 11 அன்று, ஃபுளோரிடாவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கு ஒரு தபால் வந்தது: செத்துப்போன கடத்தல்காரர்கள் இருவருக்கு மாணவர் அந்தஸ்து வழங்கப்பட்டுவிட்டது என்று. எல்லாம் அந்த லண்டன் வழியாக வந்த காகிதம். அந்த வாரம் எங்கள் ஆபீஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மே மாதத்தில் புதுச் சட்டம் வந்தது. சேர வேண்டிய மாணவர் சேரவில்லை என்றால் 30 நாளைக்குள் கல்லூரி சொல்லியாக வேண்டும். 2003 தொடக்கத்தில் செவிஸ் வந்து உட்கார்ந்தது.

முதல் சில மாதங்கள் அந்தக் கணினி பண்ணிய பாடு! ஒரு கல்லூரியில் பொத்தானை அழுத்தினால் ஐ-20 வேறு ஊரில் வேறு கல்லூரியின் அச்சு இயந்திரத்தில் போய் விழும். பகலில் அசையாது என்பதால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆபீஸுக்குப் போய் உட்காருவோம். அந்த ஆகஸ்டு மாதத்துக்குள் நாட்டில் படிக்கும் எல்லா வெளிநாட்டு மாணவரையும் உள்ளே ஏற்றிவிட வேண்டும் என்று கெடு. இந்தப் பதிவுக்கான செலவையும் மாணவர் தலையிலேயே கட்டினார்கள்: 2004-ல் 100 டாலர், 2019-லிருந்து 350. ஆக, செக்-இன் என்று இன்றைக்குப் பிள்ளைகள் அலுத்துக்கொள்ளும் இந்தச் சடங்கு, வராமல் போனவர்களால் வந்தது. வந்து சேர்ந்த பிள்ளைகள் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வாழ்க்கையில் முக்கால்வாசி வரிசைகள் அப்படித்தான் உருவாகியிருக்கின்றன.

வேலையில் எனக்குக் கடைசி வரை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் பிள்ளைகளுக்கு வழி சொல்லுகிறவள். அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லுகிறவளும் நானே. ஒரு மதுரைப் பையன் நேராகவே கேட்டான். "ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்ணு சொன்னா, அத சிஸ்டத்துல போட்டுருவீங்களா?" சட்டம் போடச் சொன்னதைப் போடத்தான் வேண்டும் தம்பி என்றேன். முகம் விழுந்துவிட்டது. "அதனாலதான் செய்றதுக்கு முன்னாடி வந்து சொல்லுங்கறேன். செஞ்சுட்டு வந்தா நான் எழுதுறவ. செய்றதுக்கு முன்னாடி வந்தா வழி தேடுறவ." அவனுக்குச் சொன்னபோதுதான் எனக்கே அது தெளிவாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் புது மாணவர் கூட்டத்தில் இதை மட்டும் மறக்காமல் சொல்வேன். மற்றதெல்லாம் தாளில் இருக்கிறது.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. இந்த விதிகளைப் பிரித்துப் பார்த்தால், முன்னால் கேட்டவருக்கு எத்தனை இடம் விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். முதல் செமஸ்டரில் ஆங்கிலம் பிடிபடவில்லை, இங்கே பாடம் நடத்தும் முறை பழகவில்லை என்றால் பாடத்தைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. உடம்போ மனசோ சரியில்லை என்று மருத்துவர் கடிதம் கொடுத்தால் ஒரு படிப்பில் மொத்தம் 12 மாதம் வரை பாரத்தைக் குறைக்கலாம். படிப்பு முடிய நேரமாகும் என்றால், தகுந்த காரணம் இருந்தால் தேதியை நீட்டலாம். வீடு மாறினால் 10 நாளைக்குள் சொன்னால் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: பாடத்தை விடுவதற்கு முன்னால், ஐ-20 தேதி முடிவதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.

ஒரே வருஷத்தில் வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒரு பெண், சேலத்துப் பக்கம். அக்டோபரில் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். பேசவில்லை. மேஜை மேல் இருந்த காகித கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி செய்துகொண்டிருந்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. சங்கிலி ஒரு முழம் நீண்ட பிறகு, "ஆன்ட்டி, எனக்குத் தூக்கமே வர்றதில்ல" என்றாள். மருத்துவரிடம் அனுப்பினோம், கடிதம் வந்தது, பாடம் பாதியாயிற்று, பதிவு ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஒரு வருஷம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள். அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். எனக்கு இல்லை.

இன்னொருவன் கெட்டிக்காரப் பையன். ஒரு பாடத்தில் மதிப்பெண் கெட்டுவிடும் என்று பயந்து, ராத்திரி ஒரு மணிக்குக் கணினியில் அதை நீக்கிவிட்டான். கல்லூரியின் கணினி மறுப்பேதும் சொல்லாமல் நீக்கிவிட்டது. காலையில் வந்து சொல்லியிருந்தால்கூட அன்றைக்கே மறுபடி சேர்த்திருக்கலாம். அவன் வந்தது செமஸ்டர் முடிந்து. முழுநேர அளவுக்குக் கீழே போனதால் பதிவை முடிக்க வேண்டியதாயிற்று. அதைத் திரும்பப் பெற மனுப் போடலாம். அந்தஸ்து இழந்து ஐந்து மாதத்துக்குள் போட வேண்டும், கையை மீறிய காரணம் காட்ட வேண்டும், முடிவு வரும் வரை கல்லூரியில் வேலை பார்க்கக் கூடாது. கேன்டீனில் தட்டுக் கழுவிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவன் பல மாதம் நண்பர்கள் தயவில் சாப்பிட்டான். கடைசியில் பதிவு திரும்பக் கிடைத்தது. அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இருவரில் யார் தப்புச் செய்தவர் என்று நான் நினைப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு வெட்கத்தைவிடப் பயம் அதிகம், அவனுக்குப் பயத்தைவிட வெட்கம் அதிகம்.

செக்-இன் விஷயத்திலேயே கெடு நெருங்கியும் வராத ஒரு கோயம்புத்தூர்ப் பையன் உண்டு. வகுப்புக்குப் போகிறான், பேராசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை அவன் திறந்தே பார்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அவன் உலகம் ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும். பதிவில் இருந்த தொலைபேசி எண் இந்தியாவில் அணைந்துபோன சிம். முகவரியோ நியூ ஜெர்சியில் சித்தப்பா வீடு, எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் கார் பயணம். சீனியர் மாணவர்களிடம் விசாரித்து, வேலை முடிந்து போகும் வழியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. கைலியோடு வந்து கதவைத் திறந்தவன் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் கதவை முக்கால்வாசி மூடிவிட்டான். "தம்பி, நான் திருநெல்வேலிக்காரி" என்று சொல்ல வேண்டியிருந்தது. கூடத்தில் நாற்காலி கிடையாது. யாரோ தெருவோரம் விட்டுப்போன மெத்தை ஒன்று, அதன் மேல் நாலு பேர் மடிக்கணினியோடு. செக்-இன் என்றால் முதல் வாரம் நடக்கும் அறிமுகக் கூட்டம்தான், பீட்ஸா கொடுப்பார்கள், போகாவிட்டால் பீட்ஸாதான் நஷ்டம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றான், சட்டை இன் பண்ணி, கையில் கோப்போடு. பதினைந்து நிமிஷ வேலை. முந்தின ராத்திரி அவர்கள் கொடுத்த தக்காளி ரசம், சும்மா சொல்லக் கூடாது, எங்கள் வீட்டு ரசத்தைவிட நன்றாகவே இருந்தது.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் இன்னொரு உபகாரமும் உண்டு. விமான நிலையத்தில் நடந்த பிழைகள் அங்கேதான் பிடிபடும். என் பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ளர் அடித்த அந்த வெள்ளை அட்டையின் பெயர் ஐ-94. 2013-லிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு அது காகிதமாகக் கிடையாது. இணையத்தில் பார்த்து அச்சிட வேண்டும். அசதியில் இருக்கும் அதிகாரி எஃப்-1 என்பதற்குப் பதில் சுற்றுலா என்று தட்டியிருப்பார்; படிப்பு இருக்கும் வரை தங்கலாம் என்பதற்கான டி/எஸ் குறிக்குப் பதில் ஆறு மாதத்தில் ஒரு தேதி விழுந்திருக்கும். பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேரில் ஒரு கூடுதல் ராசி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற இடம் காலியாக இருந்தால், அமெரிக்க வீசாவில் சொந்தப் பேரே குடும்பப் பேராகி, முதல் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பேர் தெரியவில்லை) என்று விழுந்துவிடும். கார்த்திகேயன் என்று அம்மா வாய் நிறையக் கூப்பிட்ட பிள்ளையைக் கல்லூரியில் "ஹலோ ஃப்னூ" என்கிறார்கள். ஐ-20-இல் ஒரு மாதிரி, வீசாவில் ஒரு மாதிரி, ஐ-94-இல் இன்னொரு மாதிரி என்று மூன்று பேர் ஆனால் பிறகு ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது அழ வேண்டும். முதல் வாரத்தில் பிடித்துவிட்டால் ஐ-94 பிழையைத் திருத்த விமான நிலையத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது, திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

ஒருமுறை சென்னையில் தங்கை வீட்டில் இருந்தபோது, இதெல்லாம் வெள்ளைக்காரன் நம்மைச் சந்தேகப்படுவது என்று அவள் வீட்டுக்காரர் ஆவேசப்பட்டார். மாடியில் ஆப்பிரிக்க மாணவர்கள் இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். "அவங்க வந்து 14 நாளுக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுல பதிஞ்சாங்களா?" என்று கேட்டேன். நம் நாட்டிலும் 180 நாளுக்கு மேற்பட்ட வீசாவில் படிக்க வருகிறவர்களுக்கு அதுதான் விதி. சென்னையில் அந்த வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில். இப்போது பெரும்பாலும் இணையத்திலேயே முடிகிறது. வீடு கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். தங்கை வீட்டுக்காரர் காபியை ஆற்ற ஆரம்பித்துவிட்டார். வெகு நேரம் ஆற்றினார்.

சந்தேகம் இல்லவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அரசாங்கம் திடீரென்று முடித்தது. கல்லூரிக்கும் சொல்லவில்லை, மாணவருக்கும் சொல்லவில்லை. அலுவலர்கள் தற்செயலாகத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். சிலர் மேல் இருந்தது எப்போதோ தள்ளுபடியான வழக்கு, சிலர் மேல் போக்குவரத்து அபராதம். நாடெங்கும் வழக்குகள் போட்டார்கள். ஏப்ரல் 25 அன்று பதிவுகளைத் திரும்பக் கொடுப்பதாக அரசாங்கம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்த நாட்களில் எனக்கு வந்த அழைப்புகள் பொடியைப் பற்றி இல்லை. எல்லா விதியையும் ஒழுங்காகச் செய்த பிள்ளைகள், "ஆன்ட்டி, நான் என்ன செய்யலை?" என்று கேட்டார்கள். முன்னால் வந்து சொன்னால் வழி உண்டு என்று இத்தனை வருஷம் சொன்னவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. நீ ஒன்றும் விடவில்லை கண்ணு என்று மட்டுந்தான் சொல்ல முடிந்தது. ஒரு பையன் வழக்கறிஞரைப் பார்க்கப் போனபோது துணைக்குப் போனேன். அவர் முதலில் கேட்டது ஐ-20-கள், ஒவ்வொரு செமஸ்டரும் சேர்ந்ததற்கான அத்தாட்சி, முகவரி மாற்றிய தேதிகள். பையன் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருந்தான். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது போதும், இதை வைத்து நான் பேசுகிறேன்" என்றார். ஒழுங்கு என்பது காப்பாற்றிவிடும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் நமக்காகப் பேச வருகிறவர் கையில் கொடுக்க ஏதாவது வேண்டியிருக்கிறது.

வீசா தாமதமானவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேதி கடந்த ஐ-20-ஐ வைத்துக்கொண்டு, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறாதீர்கள். கல்லூரிக்கு எழுதினால், தாமதமாக வரச் சம்மதம் உண்டா, இல்லை அடுத்த செமஸ்டருக்குத் தேதியை மாற்றித் தருவார்களா என்று சொல்லிவிடுவார்கள். நாமக்கல்லில் ஓர் அப்பா, "ஊரெல்லாம் சொல்லி வழியனுப்பு விழா கூட வச்சுட்டோம்மா, இப்பப் போகலைன்னா எப்படி?" என்று கலங்கினார். மகள் ஜனவரியில் போனாள். பனிக்கு முன்கூட்டியே கோட்டு வாங்கும் அவகாசமாவது கிடைத்தது.

இந்த வருஷம் போகிற பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். பல கல்லூரிகளில் பாஸ்போர்ட், வீசா, ஐ-94 எல்லாவற்றையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால் பாதி முடிந்துவிடும். மீதிக்கு நேரில் போக வேண்டும். முகவரி என்ற இடத்தில் தபால் பெட்டி எண் செல்லாது, உறங்கி எழும் வீடு வேண்டும். உள்ளூர் சிம் வாங்கியதும் எண்ணைக் கொடுங்கள். வளாகத்தில் வேலை கிடைத்துச் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கப் போகிறவர்கள் இறங்கிய கையோடு ஓட வேண்டாம். நாட்டுக்குள் வந்து பத்து நாளாவது ஆகட்டும், கல்லூரியில் செக்-இன் செய்து இரண்டு முழு நாளாவது கழியட்டும். அதற்கு முன் போனால் அவர்கள் கணினியில் பேர் தெரியாமல் திருப்பி அனுப்புவார்கள். போகும்போது மூலப் பத்திரங்களை எடுத்துப் போங்கள், ஜெராக்ஸ் வாங்க மாட்டார்கள். வேலைக் கடிதத்தில் மேலாளர் கையெழுத்தும் இன்டர்நேஷனல் ஆபீஸ் கையெழுத்தும் இரண்டும் இருக்கிறதா என்று பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அலுவலகம் பல ஊர்களில் வளாகத்திலிருந்து தூரம், பஸ்ஸும் மணிக்கு ஒன்றுதான்.